கிணற்றில் ஊற்றிய கிருமி

'கெணத்துல கிருமியக் கொட்ட வந்தாங்க. அதெல்லாம் முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்' என்றாள் அம்மா தொலைபேசியில். குரலில் ஒரு வெற்றி இருந்தது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் தனியாக இருக்கும் எழுபது வயதுப் பெண்மணிக்கு இப்படிப்பட்ட வெற்றிகள் அடிக்கடி வாய்ப்பதில்லை. நான் தில்லியில் இருந்தேன். 2022 மழைக்காலம். அங்கே அப்போதுதான் தூறல் ஆரம்பித்திருந்தது.

'யாரும்மா சொன்னது கிருமின்னு?'

'நீதான். நீ எழுதுனதுதானே. பெட்டியில வெச்சிருக்கேன்.'

நான் எழுதியதல்ல, மொழிபெயர்த்தது. ஆனால் அம்மாவைப் பொறுத்தவரை என் பெயரின் கீழே என்ன அச்சாகிறதோ அது நான் எழுதியது. அவள் இரும்புப் பெட்டியில் பட்டுப் புடவைகளுக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் இடையே, இருபது ஆண்டுகளாக நான் தமிழில் பெயர்த்த கட்டுரைகளின் கத்தரிப்புகள் இருக்கின்றன. பங்குச் சந்தை, காவிரி, அணு ஒப்பந்தம், எல்லாம். அவற்றில் எதையும் அவள் வாழ்க்கையில் பயன்படுத்தியதாக எனக்குத் தெரியாது. பயன்படுத்திய ஒரே கட்டுரை இதுதான்.

2015ல் தில்லியில் டெங்கு. அந்த ஆண்டு பதினைந்தாயிரத்துக்கும் அதிகமானோரைப் பிடித்த காய்ச்சல் என் மகனையும் பிடித்தது. அவனுக்கு அப்போது ஒன்பது வயது. மருத்துவமனையில் ஒரு கட்டிலில் இரண்டு குழந்தைகள். காலையும் மாலையும் ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையைத் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். தேர்தல் முடிவுபோல அதைக் கையில் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் நிற்போம். அப்போது ஒரு நாளிதழின் ஞாயிறு மலருக்காக ஆங்கிலக் கட்டுரையொன்று மொழிபெயர்ப்புக்கு வந்தது. கொசுக்களை ரசாயனம் இல்லாமல், இயற்கையாகவே மண்ணில் வாழும் பாக்டீரியாவைக் கொண்டு ஒழிப்பது பற்றியது. மகன் தூங்கும் நேரங்களில் கட்டிலோரம் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். எனக்கு அதில் தொழில் அக்கறையைவிடப் பழிவாங்கும் ஆர்வம் அதிகமாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

உடலில் பாக்டீரியா, நுண்ணுயிரி என்றெல்லாம் ஒழுங்காகத்தான் எழுதினேன். தலைப்புதான் சிக்கல். மூன்று பத்தி அகலம், பெரிய எழுத்து. 'பாக்டீரியா' அடங்கவில்லை, 'நுண்ணுயிரி' அடங்கவில்லை. 'கொசுவைக் கொல்லும் கிருமி' கச்சிதமாக அடங்கியது. ஓசையும் நன்றாக இருந்தது. தமிழ் முதுகலை படித்தவர்களுக்கு இருக்கும் மோனை வியாதி. உதவி ஆசிரியர் பாராட்டினார். அம்மா கத்தரித்துப் பெட்டியில் வைத்தாள்.

தவறு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்ல அம்மாவின் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அவளுடைய இடது கால் வீங்க ஆரம்பித்தது. முதலில் மாலை வேளைகளில் மட்டும். காலையில் வடிந்துவிடும். பிறகு வடியவில்லை. சில மாதங்களுக்கு ஒரு முறை குளிர்க்காய்ச்சல் வரும். தொடை இடுக்கில் நெறி கட்டும். கால் சிவந்து தீயாய்க் கொதிக்கும். ஒவ்வொரு காய்ச்சலும் வீக்கத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுப் போகும். யானைக்கால் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை. 'கால் நோவு' என்போம். அம்மா கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினாள். புடவையைத் தரையில் புரளும்படி கட்ட ஆரம்பித்தாள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, காபி கொடுத்து முடியும்வரை சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தாள். இன்றும் மாலையில் முற்றத்தில் முக்காலி போட்டு, சோப்பு போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்குகளைத் துண்டால் ஒற்றி ஒற்றித் துடைப்பாள். அந்த அரை மணி நேரம் யாரும் அவளோடு பேசக்கூடாது.

அந்தக் காலைக் கொடுத்தது சாக்கடைக் கொசு. கியூலெக்ஸ் குவின்குஃபேசியேட்டஸ் என்ற நீளமான பெயர்கொண்டது. டெங்குக் கொசுபோல் ஒரு கடியில் காரியத்தை முடிப்பதல்ல இது. நோய் ஊன்ற ஆண்டுக்கணக்கில் நூற்றுக்கணக்கான கடிகள் வேண்டும். ஒவ்வொன்றாக வந்து சேரும் நுண்புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் வளர்ந்து, ஜோடி சேர்ந்து, பல ஆண்டுகள் குடும்பம் நடத்துகின்றன. எங்கள் தெருச் சாக்கடையும் வீட்டுக் கிணறும் அம்மாவின் இளமை முழுவதும் பொறுமையாக உழைத்திருக்கின்றன.

புதுச்சேரியில் 1975ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறுவிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருப்பது தற்செயல் அல்ல. அந்த மையம் 1981 முதல் 1985 வரை நகரில் ஒருங்கிணைந்த கொசு ஒழிப்புத் திட்டம் ஒன்றை நடத்தியது. அம்மாவுக்கு நினைவிருக்கிறது. அகப்பையோடு வந்து சாக்கடைத் தண்ணீரை மொண்டு புழுக்களை எண்ணிக்கொண்டு போவார்களாம். 'படிச்ச புள்ளைங்க, சாக்கடையில புழு எண்ணுதுங்க' என்று தெருவில் சிரித்தார்களாம். அம்மாவும் சிரித்திருக்கிறாள்.

ஆக, 2022ல் கிணற்றில் மருந்து ஊற்ற வந்த பையனை அந்தக் காலோடு வாசலில் நின்று அவள் திருப்பி அனுப்பினாள். காரணம், என் மோனை.

ஊருக்குக் கிளம்பினேன். வேறு வேலையும் இருந்தது. ஆனால் உள்ளூர நான் போனது ஒரு தலைப்புக்குத் திருத்தம் போடத்தான்.

ரயிலில் யோசித்துப் பார்த்தேன், அம்மாவிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று. 1976ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், வற்றிய ஆற்றுப் படுகையில் தேங்கிய ஒரு சின்னக் குட்டையில், கொசுப் புழுக்கள் செத்து ஆடைபோல் மிதப்பதை யோயல் மார்கலித், லெனர்ட் கோல்ட்பர்க் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டார்கள். அந்தக் குட்டையின் சேற்றிலிருந்து பிரித்தெடுத்ததுதான் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ். சுருக்கமாக பி.டி.ஐ. பி.டி. பருத்தி என்று நாம் கேட்டுச் சலித்த அதே பி.டி.யின் ஒன்றுவிட்ட தம்பி. பருத்திக்கான அண்ணன் கம்பளிப்புழுவைக் கொல்வான். தம்பிக்குக் கொசுவும் அதன் நெருங்கிய உறவினர்களும்தான் இலக்கு.

கொல்லும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. இந்த பாக்டீரியா வித்தாக மாறும்போது கூடவே புரதப் படிகம் ஒன்றை உருவாக்கிக்கொள்கிறது. தண்ணீரில் கண்டதை எல்லாம் வடிகட்டித் தின்னும் கொசுப் புழு அதையும் தின்கிறது. புழுவின் குடல் கடும் காரத்தன்மை கொண்டது. அந்தக் காரத்தில்தான் படிகம் கரையும். கரைந்து நஞ்சாகிக் குடல் சுவரில் துளை போடும். ஒரு நாளுக்குள் புழு செத்துவிடும். மனிதர் வயிற்றில் இருப்பதோ அமிலம். போதாததற்கு அந்த நஞ்சு ஒட்டிக்கொள்ளும் இடமும் நம் குடலில் கிடையாது. நாயோ மாடோ மீனோ குடித்தாலும் ஒன்றும் ஆகாது. பூட்டும் சாவியும் கொசுப் புழுவின் வயிற்றில் மட்டும் பொருந்துகின்றன. வளர்ந்து பறக்கும் கொசுவைக்கூட அது ஒன்றும் செய்யாது. கூட்டுப்புழுவாகிவிட்டாலும் தப்பிவிடும், ஏனென்றால் கூட்டுப்புழு தின்பதில்லை.

ஜெர்மனியில் ரைன் நதிக்கரை ஊர்களில் 1980களின் தொடக்கத்திலிருந்து இதைத் தெளிக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் ஆற்றுக் குருடு நோயைப் பரப்பும் கரு ஈக்கள் ரசாயன மருந்துக்குப் பழகிவிட்டபோது, இதுதான் கைகொடுத்தது. எல்லாம் சுத்த நன்மை என்று சொல்லவும் மனம் வரவில்லை. பிரான்சின் கமார்க் சதுப்பு நிலங்களில் இதைத் தெளித்த இடங்களில் கடிக்காத சிறு பூச்சிகளும் குறைந்து, அவற்றைத் தின்னும் தகைவிலான் குருவிகள் குறைவாகக் குஞ்சு பொரித்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சதுப்பு நிலத்தில் அது முக்கியமான விஷயம். முத்தியால்பேட்டைக் கிணற்றில் குருவிக்குப் பங்கம் இல்லை.

இன்னொரு பாக்டீரியாவும் உண்டு. நான் மொழிபெயர்த்த கட்டுரையில் பேசில்லஸ் ஸ்பேரிகஸ் என்று இருந்தது. அதற்கு முன்பே, 2007ல், அதன் பெயரை லைசினிபேசில்லஸ் ஸ்பேரிகஸ் என்று மாற்றிவிட்டிருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. (விஞ்ஞானிகள் பெயர் மாற்றும்போது மொழிபெயர்ப்பாளர்களைக் கேட்பதே இல்லை.) அது சாக்கடை நீரிலும் தாக்குப்பிடிக்கும், செத்த புழுவின் உடலிலேயே பெருகவும் செய்யும். யானைக்கால் கொசுவுக்கு அதைவிடப் பொருத்தமான எதிரி இல்லை என்றுதான் நம்பினார்கள். கொச்சியில் தெளித்தார்கள். இரண்டு ஆண்டுகள், 35 முறை. பிறகு சோதித்துப் பார்த்தபோது கொசுப் புழுக்கள் அதைச் சட்டை செய்யவில்லை. 1995ல் இதுபற்றிய ஆய்வறிக்கை வெளியானபோது உலகமே கவனித்தது. அந்த பாக்டீரியாவின் நஞ்சு குடலில் ஒரே ஒரு கொக்கியைப் பிடித்துத் தொங்குவது. கொசு அந்தக் கொக்கியைக் கழற்றிவிட்டால் போதும். பி.டி.ஐ.யிடம் நான்கு விதப் புரதங்கள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று துணையாக. அதனால்தான் அதை ஏமாற்றுவது கொசுவுக்கு இவ்வளவு காலமாகக் கடினமாக இருக்கிறது.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்: 'அப்ப கிருமி இல்லையா?'

கிருமிதான். ஆனால் நோய்க்கிருமி இல்லை. அந்த வேறுபாடு ஆங்கிலத்திலிருந்து வந்த எனக்குத் தெரிகிறது. கிருமிநாசினி விளம்பரம் பார்க்கும் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? இதில் வேடிக்கை, கிருமி என்ற வடசொல்லுக்குப் பழைய பொருள் புழு. ராமானுஜரைத் துன்புறுத்திய சோழனுக்கு வைணவர்கள் வைத்த பெயர் கிருமிகண்ட சோழன். கழுத்தில் புழு வைத்தவன். அந்தப் பொருளில் பார்த்தால் அம்மாவின் காலில் இருந்ததுதான் கிருமி. கிணற்றில் நெளிவது கிருமி. ஊற்ற வந்தது கிருமியைக் கொல்லும் மருந்து. என் தலைப்பு சரியாகத் தலைகீழாக நின்றது. வகுப்பில் சொல்லியிருந்தால் பேராசிரியர் மகிழ்ந்திருப்பார். அம்மா, 'அதை அப்பவே எழுதியிருக்கலாமில்ல' என்றாள்.

நியாயமான கேள்வி. தில்லிக்காரியாகிவிட்ட எனக்கு இதில் இன்னொரு உறுத்தலும் உண்டு. நான் வசிக்கும் நகரத்திலேயே, நான் பிறப்பதற்கு முன், ஒரு சொல்லும் ஒரு சந்தேகமும் சேர்ந்து ஒரு முழு ஆராய்ச்சியை மூடவைத்தன. உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து தில்லியில் கொசுக்களின் மரபியல் கட்டுப்பாட்டுக்கு ஒரு பிரிவை நடத்தின. பணம் அமெரிக்காவுடையது. மலடான ஆண் கொசுக்களை வெளியே விட்டு இனப்பெருக்கத்தைக் கெடுப்பது நோக்கம். ஆண் கொசு கடிக்காது. ஆனால் 1970களின் நடுவில் பத்திரிகைகள் கேட்டன: இந்தியாவில் மலேரியா இவ்வளவு இருக்க, இங்கு இல்லவே இல்லாத மஞ்சள் காய்ச்சலைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசுவின்மேல் அமெரிக்காவுக்கு ஏன் இத்தனை அக்கறை? இது உயிரியல் போருக்கான ஒத்திகையா? நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு விசாரித்து 1975ல் கடுமையான அறிக்கை கொடுத்தது. சோனிபட்டில் கொசுக்களை விடத் தயாராகிக்கொண்டிருந்த திட்டம் அந்த ஆண்டே முடிவுக்கு வந்தது.

கேள்வி கேட்ட பத்திரிகையாளர்களை நான் குறை சொல்லமாட்டேன். வியட்நாம் போர் முடிந்த ஆண்டு அது. சந்தேகப்படுவது அவர்கள் வேலை. விஞ்ஞானிகளும் ஊர் மக்களுக்குப் புரியும்படி பேசிப் பழகாதவர்கள். ஆனால் ஒன்று உறுத்துகிறது. அந்தத் தில்லிப் பிரிவு கையாண்ட முறைகளில் ஒன்று, 1967ல் பர்மாவில் ரங்கூன் அருகே ஒக்போ என்ற கிராமத்தில் லாவன் என்ற ஜெர்மானியர் செய்துகாட்டியது. வேற்று வகை ஆண் கொசுக்களை விட்டு, உள்ளூர்ப் பெண் கொசுக்களின் முட்டைகள் பொரியாமல் செய்து, யானைக்கால் கொசுவை அந்தக் கிராமத்திலிருந்தே துடைத்தார் அவர். ஏன் பொரியவில்லை என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1971ல்தான் தெரிந்தது: கொசுவின் உயிரணுக்களுக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு பாக்டீரியா. வோல்பாக்கியா. 1924லேயே கொசுவுக்குள் கண்டுபிடித்து, யாரும் பொருட்படுத்தாமல் கிடந்தது. பூச்சியினங்களில் ஏறக்குறையப் பாதிக்குள் அது இருக்கலாம் என்கிறார்கள்.

டெங்குக் கொசுவுக்குள் மட்டும் இயற்கையில் அது இல்லை. இருந்தால் வைரஸ் நன்றாக வளர்வதில்லை. ஆகவே செலுத்தினார்கள். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் அப்படிப்பட்ட கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021ல் ஆய்வு முடிவு வெளியானது. 2022ல், அம்மா பையனைத் திருப்பி அனுப்பிய அதே மழைக்காலத்தில், புதுச்சேரி மையமும் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த முட்டைகளைக்கொண்டு, உள்ளூர் ஏடிஸோடு கலப்பு செய்து, வோல்பாக்கியா கொண்ட இரண்டு கொசு வம்சங்களை உருவாக்கியிருக்கிறார்கள். அந்தச் செய்தியையும் மொழிபெயர்க்கச் சொல்லி வந்தது. தலைப்பு வைக்க இந்தத் தடவை ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயம் உண்டு. அவளைக் கடித்த சாக்கடைக் கொசுவுக்குள் வோல்பாக்கியா பிறவியிலேயே இருக்கிறது. அந்தக் கொசு கொண்டுவந்த யானைக்கால் புழுவுக்குள்ளும் இருக்கிறது. புழுவுக்கு அது இல்லாமல் வாழ முடியாது. சாதாரண டாக்சிசைக்ளின் மாத்திரையைச் சில வாரம் கொடுத்து அந்த பாக்டீரியாவைக் கொன்றால், புழு மலடாகிப் பிறகு சாகிறது. கொசுவுக்குள், புழுவுக்குள், புழு வழியே அம்மாவின் காலுக்குள். மகனுக்கு வந்த காய்ச்சலைத் தடுக்கப்போவதும் அதே குடும்பத்து பாக்டீரியாதான். இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கிருமி என்றும் சொல்ல முடியாது, மருந்து என்றும் சொல்ல முடியாது.

மறுநாள் பையனை வரச் சொல்லியிருந்தேன். ஒப்பந்தத் தொழிலாளி, இருபத்தைந்து வயது இருக்கும். முதுகில் தெளிப்பான், கையில் பழுப்பாக ஏதோ கலக்கிய வாளி. 'ஆயா, இன்னிக்காவது தொறப்பீங்களா?' என்றான்.

அம்மா கிணற்று மூடியைத் தானே நகர்த்தினாள். 'இது என்னா தம்பி?'

'மருந்து ஆயா.'

'மருந்து இல்ல. எம்பொண்ணு சொல்லிச்சு, உசுரு உள்ளதாம்.'

பையன் என்னைப் பார்த்தான். நான் தயிரைத் துணைக்கு இழுத்தேன். பாலைத் தயிராக்குவதும் பாக்டீரியாதான், இட்லி மாவு பொங்குவதும் அப்படித்தான் என்றேன். அம்மாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. 'அப்ப உறைன்னு சொல்லு. கொசுவுக்கு உறை ஊத்துறாங்க. இதுக்கா கிருமி கிருமின்னு எழுதுன?' பையன் சிரித்துக்கொண்டே ஊற்றினான். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஊற்ற வேண்டும், வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த நாள் விடியற்காலையில் அம்மா டார்ச் விளக்கோடு கிணற்றைச் சுற்றி நின்றாள். முதல் நாள் மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருந்த புழுக்கள் வெள்ளை நூல் துண்டுகளாகச் சுவரோரம் ஒதுங்கியிருந்தன. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எதுவும் சொல்லாமல் முக்காலியை எடுத்துப் போட்டு, மாலையில் செய்யும் வேலையைக் காலையிலேயே செய்ய ஆரம்பித்தாள். சோப்பு, தண்ணீர், துண்டு. நான் உள்ளே போய்விட்டேன்.

தில்லி திரும்பி மூன்று வாரம் இருக்கும். தொலைபேசி.

'மறுபடி நெளியுதுடி.'

'அது அப்படித்தாம்மா. கிணத்துல அது நிலைச்சு நிக்காது. திரும்பத் திரும்ப ஊத்தணும். பையன் வரலியா?'

'வரல. எதுத்த வூட்டுல கேட்டேன். வேலையை வுட்டு நிறுத்திட்டாங்களாம். வேற ஆளு இன்னும் போடலியாம்.' கொஞ்சம் நிறுத்தினாள். 'ஏண்டி, அந்த உறை கடையில கெடைக்குமா?'